லோ கார்ப் (மாவுச்சத்து குறைந்த உணவுமுறை) தொடங்கி ஐந்தாம் நாள்: தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீரில் கீட்டோன் 2+. தொடரலாமா?

மல்லிப்பந்தல்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 56, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாக பி.பி. போன மாத ரிப்போர்ட்: எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.6, மொத்த கொலஸ்ட்ரால் 192, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 41, ட்ரைகிளிசரைடு 236, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 104, கிரியேட்டினின் 1.1, யூரிக் ஆசிட் 6.9.

மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 காலை, இரவு. கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில். டாபாகிளிஃப்ளோசின் 10. பி.பி.க்கு டெல்மிசார்டன் 40-உடன் ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 சேர்ந்தது ஒன்று. கொலஸ்ட்ராலுக்கு இரவில் அடோர்வாஸ்டாடின் 10.

வாட்ஸ்அப்பில் வந்த, பேலியோ என்ற லோ கார்ப் அட்டவணை ஒன்றைப் பார்த்து சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். காலையில் வெண்ணெய் டீ, மதியம் 100 பாதாம், இரவு நான்கு முட்டையும் கொஞ்சம் காயும். மாத்திரை எதையும் மாற்றவில்லை. எடை 2.6 கிலோ குறைந்துவிட்டது, வெறும் வயிற்றுச் சுகர் 170-லிருந்து 112-க்கு வந்துவிட்டது என்று ஏக சந்தோஷத்தில் இருக்கிறார். ஆனால் உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, விடாத தலைவலி, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, மூன்று நாளாக மலம் போகவில்லை. நேற்று எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் கீட்டோன் 2+ என்று வந்திருக்கிறது.

"உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது, போகப் போகச் சரியாகும்" என்கிறார்கள் அந்தக் குழுவில். உண்மையா? கீட்டோன் 2+ ஆபத்தா? கொலஸ்ட்ரால் ஏறுமா, கிட்னி கெடுமா? அரிசிக்குப் பதில் சிறுதானியம் கொடுக்கலாமா? இதையே எத்தனை மாதம் தொடர்வது?

மருந்துச்சீட்டு:

கொலஸ்ட்ரால், சிறுதானியம் எல்லாம் பிறகு. டாபாகிளிஃப்ளோசினை இன்றே பார்க்க வேண்டும்.

சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை அது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும்போது இன்சுலின் சுரப்பு இறங்கி, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும். டாபாவும் அதே திசையில்தான் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகிவிடலாம். இதில் ஏமாற்றுகிற விஷயம், சுகர் ஏறாமலே இது நடக்கும். வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் (இப்படி ரத்தம் அமிலமாகும் நிலை) சுகர் 250-க்கு மேலே போய் எச்சரிக்கும். இங்கே மீட்டரில் 130, 160 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டது.

அதனால் இன்று செய்ய வேண்டியது: மருந்து எழுதிய டாக்டரிடம் பேசுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். அதுவரை கடும் பத்தியத்தை நிறுத்திவிட்டு வேளைக்கு இரண்டு இட்லியோ ஒரு சின்னக் கிண்ணம் சோறோ கொடுங்கள், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, காரணமில்லாத அசதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே "டாபா சாப்பிடுகிறார், ஐந்து நாளாகச் சோறே சாப்பிடவில்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சுகர் நார்மலாக இருப்பதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

சிறுநீர் 2+ மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தச் சிறுநீர்ப் பட்டை பார்ப்பது அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோனை. ரத்தத்தில் அதிகம் ஏறுவது பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன். விரல் நுனி ரத்தத்தில் அதை அளக்கும் மீட்டர் இருக்கிறது, பெரிய லேபிலும் பார்ப்பார்கள். மாவுச்சத்தைக் குறைத்து ஆரோக்கியமாக இருப்பவருக்கு 0.5 முதல் 3 வரை வருவது இயல்பு. டாபா சாப்பிடுபவருக்கு 1.5-ஐத் தாண்டினாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும், 3-ஐத் தொட்டால் அவசரம்.

ஒன்று கவனியுங்கள். சிலருக்கு டாபாவை இதய பலவீனத்துக்கோ கிட்னியைக் காப்பாற்றவோ கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, பேலியோவைத்தான் விட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது மட்டும் கூடாது.

அடுத்தது கிளிமிபிரைடு. சோறு உள்ளே போகிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரை. இன்று 112 என்று சந்தோஷப்படும் சுகர், இதே டோஸில் ஒரு மத்தியானம் 55-க்குப் போகும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர் எரிச்சல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் பாதாம், வெண்ணெய், சாக்லேட் உதவாது, கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கிளிமிபிரைடு வேலை நாள் முழுக்க இழுக்கும். ஒருமுறை ஏறிவிட்டது என்று விட்டுவிடாமல் ஏதாவது சாப்பிடக் கொடுத்து, அடுத்த சில மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். மாவைக் குறைக்கும் அதே நாளில் டோஸையும் டாக்டர் குறைத்திருக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் தனியாகத் தாழ்சர்க்கரையைக் கொண்டுவராது. அது இருக்கட்டும்.

உப்புக்கணக்கு:

மேலே சொன்னது முதல். அதற்கடுத்து அந்தத் தலைசுற்றல்.

நச்சு வெளியேறுகிறது என்பதில் துளியும் உண்மை இல்லை. வெளியேறுவது உப்பும் தண்ணீரும். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன், கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவை நிறுத்தியதும் அது கரைந்து தண்ணீரும் போய்விடும். முதல் வாரத்து 2.6 கிலோவில் பெரும்பங்கு அதுதான், கொழுப்பு கொஞ்சம்தான். இன்சுலின் இறங்கினால் கிட்னி சோடியத்தைப் பிடித்து வைக்காமல் விட்டுவிடும். இது முதல் வாசல். டாபா இரண்டாம் வாசல், சர்க்கரையோடு உப்பையும் நீரையும் இழுத்துப் போகும். ஹைட்ரோகுளோரோதையசைடு மூன்றாவது, அதன் வேலையே உப்பை வெளியேற்றுவது. உங்கள் அப்பாவுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன.

போதாதற்கு உள்ளே வரும் உப்பும் நின்றுவிட்டது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நம் வீடுகளில் உப்பு வருவது குழம்பு, ரசம், இட்லி மாவு, ஊறுகாய், அப்பளம் வழியாக. சோற்றை நிறுத்தினால் இவை எல்லாமே சேர்ந்து நின்றுபோகும். உப்பில்லாத பாதாமும் வெண்ணெய் டீயும் அந்த இடத்தை நிரப்பாது.

பி.பி. மெஷின் இருந்தால் இப்படிப் பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20-க்கு மேலோ கீழ் அளவு 10-க்கு மேலோ இறங்கினால் பி.பி. மாத்திரை இப்போது அவருக்கு அதிகமாக இருக்கலாம். அந்த எண்களை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கூடவே சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். நீர் வற்றிய உடம்பில் டெல்மிசார்டனும் சேர்ந்தால் கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையும்.

பி.பி. மாத்திரை, இதய நோய், கிட்னிப் பிரச்சினை எதுவும் இல்லாதவருக்கு நான் சொல்வது எளிது: ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாற்றிலோ ரசத்திலோ மோரிலோ கால் டீஸ்பூன் உப்பு, நாளைக்கு இரண்டு முறை, முதல் இரண்டு வாரம். தலைவலியும் அசதியும் பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் உப்பை வெளியேற்றும் மாத்திரை, இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர் என்று ஓட்டுவதில் பொருளே இல்லை. அந்தத் தையசைடு இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

கடையில் "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பை வாங்கவே வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் கணிசமான பங்கு பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டன் ஏற்கனவே பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்துப்பு அப்படியல்ல, அதுவும் சோடியம் குளோரைடுதான். ஆனால் பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது, அதை மட்டுமே பயன்படுத்தினால் தைராய்டு பக்கம் பிரச்சினை வரும்.

உணவுத்தராசு:

அந்த அட்டவணையை எடை போட்டுப் பார்ப்போம். 100 பாதாம் என்றால் ஏறக்குறைய 120 கிராம்: 700 கலோரி, 25 கிராம் புரதம், 60 கிராம் கொழுப்பு. நான்கு முட்டையில் 24 கிராம் புரதம். ஆக நாள் முழுக்க 50 கிராம்தான் புரதம். 168 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு உத்தேச எடை 65 கிலோ என்று வைத்தால், கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 78 கிராம் தேவை. முப்பது கிராம் குறைகிறது. இப்படி இரண்டு மாதம் போனால் கொழுப்போடு தசையும் கரையும். மூன்றாம் மாதம் "பேலியோவால் முடி கொட்டுகிறது" என்று ஒரு கேள்வி வரும். மாவைக் குறைத்ததால் முடி கொட்டுவதில்லை. எடை மளமளவென்று இறங்கும்போது புரதமும் இரும்பும் போதாமல் கொட்டுகிறது.

சிறுதானியக் கேள்விக்கு நேரடியான பதில்: அது லோ கார்ப் அல்ல. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நார்ச்சத்தைக் கழித்த பிறகு 100 கிராமில் மாவுச்சத்து: பச்சரிசி 78, ராகி 67, சாமையும் வரகும் 66 பக்கம், கோதுமை மாவு 64, கம்பு 62. அரிசியைவிட நார் கூடுதல் என்பது உண்மை, அதற்காகச் சாப்பிடுவதும் நல்லது. ஆனால் இரண்டு கிண்ணம் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு கிண்ணம் சாமைச் சோறு சாப்பிட்டால் சுகர் அதிகம் அசையாது. ராகியை மாவாக்கிக் கூழ் காய்ச்சினால் சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும். எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு என்பதே இங்கே பெரிய விஷயம்.

என் கருத்து, உங்கள் அப்பாவுக்கு மாவுச்சத்தில் 20, 30 கிராம் என்று அடிமட்டத்துக்குப் போக வேண்டியதே இல்லை. நம்மவர்கள் சாப்பாட்டில் கலோரியில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவிலிருந்துதான் வருகிறது, பலருக்கு நாளைக்கு 300 கிராம் தாண்டும். அதை 120-க்குக் கொண்டுவந்தாலே பெரிய இறக்கம். ஒரு நாள் இப்படி இருக்கலாம்:

காலை: இரண்டு சின்ன இட்லி (20 கிராம் மாவுச்சத்து), இரண்டு முட்டை, காய் நிறையப் போட்ட சாம்பார்.
மதியம்: வெந்த சோறு 100 கிராம் (28), மீன் அல்லது கோழி 100 கிராம், பொரியல் 200 கிராம், ரசம், மோர்.
இரவு: 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி (19), பனீர் 100 கிராம், 200 கிராம் காய்.

சாம்பாருக்கு 30 கிராம் துவரம்பருப்பு, நாளைக்கு 200 கிராம் தயிர், சர்க்கரை போடாத டீக்குப் பால் 200 மி.லி., 25 கிராம் பாதாமோ வேர்க்கடலையோ. கூட்டினால் மாவுச்சத்து 120 பக்கம், புரதம் 80-ஐத் தொடும். சோற்றைக் கண்ணால் அளக்காதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள், பிறகு கையே பழகிவிடும். தராசு இல்லையென்றால் 150 மி.லி. கிண்ணம் நிறைய சோறு சுமார் 100 கிராம்.

காய் என்றால் வெண்டை, கத்திரி, புடலை, பீர்க்கை, சுரை, கோவை, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, வாழைப்பூ, எல்லாக் கீரையும். உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் இந்தக் கணக்கில் காய் அல்ல, சோற்றுக்குப் பதில். இளநீரிலும் சர்க்கரை உண்டு. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும்.

மலச்சிக்கல் இந்த 400 கிராம் காயும் தண்ணீரும் வந்தாலே பாதி தீரும். தீரவில்லை என்றால் இரவில் ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

லேப்ரிப்போர்ட்:

கொலஸ்ட்ரால் பற்றி. மாவைக் குறைத்தால் ட்ரைகிளிசரைடு இறங்கும், எச்டிஎல் கொஞ்சம் ஏறும். இது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கும். எல்டிஎல் அப்படியல்ல. சிலருக்கு அசையாது, சிலருக்கு இறங்கும், சிலருக்கு எக்கச்சக்கமாக ஏறும். ஒல்லியாக இருப்பவர்கள் கடுமையாக மாவை நிறுத்தும்போது 200 தாண்டுவதும் உண்டு. "பேலியோவில் எல்டிஎல் ஏறினால் பயமில்லை, அது பெரிய மிதக்கும் வகை" என்று பரப்புவதை நான் ஏற்க மாட்டேன். ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. அதைக் காட்டுவது ஏப்போ-பி பரிசோதனை, சந்தேகம் இருந்தால் அதை எடுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எல்டிஎல் அளந்ததல்ல, கணக்குப் போட்டது என்று நினைக்கிறேன்: 192-லிருந்து எச்டிஎல் 41-ஐயும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 47-ஐயும் கழித்தால் சரியாக 104. ட்ரைகிளிசரைடு 400 தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்த 151 என்ற எண்ணையும் குறித்து வையுங்கள். அடுத்த ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு எங்கே நின்றாலும் அதை நேராக ஒப்பிடலாம்.

56 வயது, சர்க்கரை, பி.பி. உள்ளவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன பல வழிகாட்டு நெறிமுறைகள். அந்தக் கணக்கில் 104 இப்போதே அதிகம். ஆகவே பேலியோ ஆரம்பித்துவிட்டோம் என்று அடோர்வாஸ்டாடினை நிறுத்தும் பேச்சே வேண்டாம். டோஸைக் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள். வெண்ணெய் டீயை விட்டுவிடலாம். நெய், தேங்காய் எண்ணெய், வெண்ணெய் மூன்றிலும் நிறை கொழுப்பு மிக அதிகம், தேங்காய் எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல். நல்லெண்ணெயில் பதினைந்து, கடலை எண்ணெயில் இருபது விழுக்காட்டை ஒட்டி. எண்ணெயை மாற்றினாலே பலருக்கு ஏறிய எல்டிஎல் இறங்கி வரும். எடை வேகமாக இறங்கும் வாரங்களில் எல்டிஎல் தற்காலிகமாக ஏறிக் காட்டும், அதனால் மறுபரிசோதனையை எடை ஒரு நிலைக்கு வந்தபின், மூன்று மாதம் கழித்து எடுங்கள்.

யூரிக் ஆசிட் 6.9 விளிம்பில் இருக்கிறது. கீட்டோனும் யூரிக் ஆசிடும் கிட்னியில் ஒரே வழியாக வெளியேறப் போட்டி போடும், முதல் சில வாரம் யூரிக் ஆசிட் ஏறும், பிறகு தானாக இறங்கும். தையசைடும் அதை ஏற்றும். கால் கட்டைவிரல் திடீரென்று சிவந்து வீங்கிப் போர்வை பட்டாலே உயிர் போகிற வலி வந்தால் அது கவுட். இந்தக் காலத்தில் ஈரல், மண்ணீரல், நெத்திலி, மத்தி ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள்.

கிட்னி: கிரியேட்டினின் 1.1 என்றால் இந்த வயதுக்கு இ-ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறன்) சுமார் 79. நல்ல கிட்னியை நாளைக்கு 80 கிராம் புரதம் கெடுக்காது. ஆனால் ஒன்பது வருடச் சர்க்கரைக்குக் கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதாது, சிறுநீரில் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே இருந்தால் சரி. மேலே இருந்தாலோ இ-ஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே வந்தாலோ புரத அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முந்தின நாள் மட்டன், கோழி என்று நிறையச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் சற்று ஏறிக் காட்டும், அதையும் தவிருங்கள். ஏற்கனவே கிட்னியில் கல் வந்தவர்கள் நீண்ட நாள் கீட்டோவில் (கீட்டோன் உண்டாகுமளவு கடுமையான லோ கார்ப்) இருப்பது நல்லதல்ல. சிறுநீர் அமிலமாகி, கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் குறைந்து மறுபடி கல் சேரும்.

மேற்குமலை:

உணவுத்தராசு சொன்ன 120 கிராம் திட்டம் உங்கள் அப்பாவுக்குச் சரி. ஆனால் கடுமையான லோ கார்ப்பே தேவையில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மோதும் மாத்திரைகள் இல்லாதவர்கள், டாக்டர் கூடவே டோஸைக் குறைத்துக்கொண்டு வரும்போது, மாவுச்சத்தில் 50 கிராமுக்குக் கீழே போய் நல்ல பலன் பார்க்கிறார்கள். 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த ஒரு மதிப்பாய்வில், ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தவர்கள் லோ கார்ப்பில் 57 விழுக்காடு, மற்ற உணவுமுறைகளில் 31.

அதே மதிப்பாய்வு ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் தேய்ந்துபோவதையும் காட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில் ஒரு வருட முடிவில் லோ கார்ப் குழு சராசரி 6 கிலோ, குறை கொழுப்புக் குழு 5.3 கிலோ இழந்தார்கள். எடையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. ஆகவே "எத்தனை மாதம்" என்ற கேள்விக்கு என் பதில்: ஒரு வருடம் கழித்தும் வீட்டில் சமைத்துச் சாப்பிடக்கூடியதாக எது இருக்கிறதோ அதைத் தொடங்குங்கள். ஐந்து நாளிலேயே ஆளைச் சாய்க்கிற அட்டவணை அந்தக் கணக்கில் வராது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள், டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள் இந்தத் திரியைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம்.

மல்லிப்பந்தல்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பதிலைப் பார்த்ததுமே கூட்டிக்கொண்டு போய்விட்டோம். ரத்தக் கீட்டோன் 1.8, சோடியம் 132, நின்றதும் பி.பி. 24 இறங்கியது. டாபாவை நிறுத்திவிட்டார்கள், கிளிமிபிரைடு 1 மி.கி. ஆகிவிட்டது, தையசைடு இல்லாத டெல்மிசார்டன் மட்டும், அடோர்வாஸ்டாடின் 20. ஆல்புமின் விகிதம் 22. இப்போது 120 கிராம் திட்டத்தில் இருக்கிறார், தலைசுற்றல் இல்லை. ஒரு சந்தேகம்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 134, 128 என்று வருகிறது, ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 140. ராத்திரி ஒன்றும் சாப்பிடாமலே ஏன் ஏறுகிறது? காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

லேப்ரிப்போர்ட்:

விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏற, கல்லீரல் தானே சர்க்கரையை அவிழ்த்துவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கு அது அடங்காமல் காலை எண்ணாகத் தெரியும். மாவு குறைத்துச் சாப்பிடுபவர்களுக்குக் கடைசியாக இறங்குவது இந்த எண்தான். டாபாவை நிறுத்தியதும் ஒரு காரணம். இதற்காகக் கிளிமிபிரைடைக் கூட்டிவிடாதீர்கள், பகலில் தாழும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து இருபது நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள், கூடவே ஹீமோகுளோபினும். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தப்பாகக் காட்டும். மெட்ஃபார்மின் இத்தனை வருடம் சாப்பிடுகிறார் என்பதால் பி12-உம் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் வேறு யாராவது லோ கார்ப்பில் இருந்துகொண்டு குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராம் மாவுச்சத்தாவது சாப்பிட வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும்.

மருந்துச்சீட்டு:

1.8-இல் பிடித்தது நல்லது. டாபா நிறுத்தினாலும் அதன் வேலை சில நாள் இழுக்கும், இந்த வாரம் முழுக்க குமட்டல், மூச்சு வேகம் இரண்டையும் கவனியுங்கள். பழைய மாத்திரைப் பட்டையில் மீதி இருந்தால் டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள், பழக்க தோஷத்தில் போட்டுவிடுவார். தையசைடு சேர்ந்த பழைய பி.பி. மாத்திரையும் அப்படியே. பழைய பி.பி. மாத்திரையும் புதியதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பட்டையில் பெயருக்குப் பின்னால் "எச்" என்ற எழுத்து மட்டும்தான் பல கம்பெனிகளில் வித்தியாசம்.

காய்ச்சல், வாந்தி, பேதி வந்த நாளில் லோ கார்ப் கிடையாது. கஞ்சி, மோர், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ்., கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். சாப்பாடு தங்கவில்லை என்றால் அன்றைய கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் மூன்றையும் கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நீர் வற்றிய நாளில் பெரும்பாலும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் ஆறு மணி நேரம் போனால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். இந்த நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதி, டாக்டர் எண்ணோடு மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.